விரிசலை முதலில் பார்த்த தேதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, ஒரு கடிதம். சந்தாபுராவில் என் எதிர்வீட்டுக்காரர் பால்ராஜ். மே மாத மழையில் அவர் வீட்டுப் பின்பக்கச் சுவர் விழுந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு 'நடந்தது என்ன' என்று எழுதித் தரச் சொன்னார். "நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே சார், இது இன்னா பெரிய விஷயம்?"

பெரிய விஷயம்தான். கதையில் தப்புச் செய்தால் யாராவது ஒருவர் திட்டிவிட்டுப் போவார். இதில் தப்புச் செய்தால் அவர் மகள் மோனிகாவின் அறைக்குச் சுவர் வராது. அங்கே இப்போது நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். அது படபடப்பது என் மேசைவரை கேட்கிறது. ஜூன் மழை வேறு வரப்போகிறது.

2

முதல் தொடக்கம்: 'பதினெட்டாம் தேதி மாலை பெய்த கனமழையில் தெருவில் பெருகிய வெள்ளம் சுவரை...'

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலிசி இடிக்கிறது. வீட்டுக் கடனோடு வங்கி கொடுத்த அந்த முப்பது பக்கத்தை பால்ராஜ் வீட்டில் யாரும் பிரித்ததே இல்லை. பைபிளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நான் மூன்று முறை படித்தேன். புயல், வெள்ளம் என்றால் உண்டு. அக்கம்பக்கத்தில் பள்ளம் தோண்டியதால் வந்த சேதம் என்றால் இல்லை. நாள்பட விரிந்த விரிசல் என்றாலும் இல்லை.*

பக்கத்து மனையில் நவம்பரில் பள்ளம் தோண்டிப் பாறை உடைத்தார்கள்.

* எதற்கு உண்டு என்பது ஒரு பக்கம், எதற்கு இல்லை என்பது ஐந்து பக்கம். பள்ளமும் விரிசலும் அந்த ஐந்தாம் பக்கத்தில்.

3

இரண்டாம் தொடக்கம்: 'விரிசலே இல்லாத உறுதியான சுவர் திடீரென்று' (இதை முடிக்க மாட்டேன்.)

"நவம்பரில் விரிசல் விட்டபோதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று பால்ராஜிடம் கேட்டேன். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

"எங்க ஊர்ல பூமி ஒதறும் சார். கீழ பாறை வெடிச்சா மேல பாத்திரம் உருளும், சுவத்துல கோடு வுடும். சிமெண்ட பூசிட்டு டூட்டிக்குப் போயினே இருப்பாங்க. கோடு வுட்டதுக்கெல்லாம் கம்ப்ளெயிண்ட் குடுத்தா சிரிப்பாங்க."

இங்கும் அதையேதான் செய்தார். சிமெண்ட் பூசி, மேலே சபைக் காலண்டரை மாட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். இவருக்கு நடுங்கும் தரை பழகிய தரை.

(ஒரு சந்தேகம். கதாபாத்திரம் இவ்வளவு வெகுளியாக இருக்கலாமா? வாசகர் நம்பமாட்டார். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் நம்பவே மாட்டார்.)

அவர் மனைவி பிரிசில்லா டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ரகு அண்ணா, பொய் எழுத வேணாம். ஆனா கேக்காததை ஏன் எழுதணும்? பொண்ணு பத்து நாளா அடுப்பங்கரையில படுக்கறா."

4

கேட்டிருக்கிறார்களே. படிவத்தில் எட்டாவது கேள்வி: விரிசல் முன்பே இருந்ததா? ஆம் எனில், முதலில் பார்த்த தேதி?

முடிவு அ: 'இல்லை' என்று எழுதுகிறேன். சர்வேயர் ஹரிஷ் இடிந்த செங்கல்லைக் காலால் புரட்டுகிறார். பழைய சிமெண்ட் பூச்சு பல்லைக் காட்டுகிறது. பொய் சொன்னதாக எழுதிக்கொண்டு போய்விடுகிறார்.

முடிவு ஆ: 'ஆம்' என்று எழுதுகிறேன். விரிசல் இருந்தது, ஆனால் தள்ளியது வெள்ளம்தான் என்றும் எழுதுகிறேன். அவர் ஒப்புக்கொள்கிறார். [அல்லது ஐந்தாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறார்.]

முடிவு இ: (வரவில்லை.)

5

ஒன்றை இதுவரை மறைத்துவிட்டேன்.

தேதியைத் தேடி என் பழைய நோட்டைப் புரட்டினேன். டிசம்பர் 25: 'பால்ராஜ் வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி. காற்றில் காலண்டர் விலகியது. பின்னால் சுவரில் கோடு, சிமெண்டையும் பிளந்துகொண்டு. விரல் நுழையும். கதைக்கு ஆகும்.'

கதைக்கு ஆகும்! அன்று நான் பயந்தது நினைவிருக்கிறது. பயந்தும், இன்னொரு துண்டு கறியைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அப்போது பக்கத்து மனையில் வேலை முடிந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களையே சரிசெய்து தரச் சொல்லியிருக்கலாம். இப்போது அவர்கள் கட்டிடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

ஹரிஷ் போனில் "நாளே பர்த்தீனி" என்று சொல்லிவிட்டாராம். நாளைக்கு வருகிறார். எதிர்வீட்டுக்காரன் என்பதால் என்னையும் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்.

இந்தக் கதை அச்சானால் அந்தத் தேதி எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்காகப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. தார்ப்பாயின் நிறத்தையும். [மாற்ற வேண்டும்.]

கேட்டுக்கு வெளியே பால்ராஜ் நிற்கிறார். "சார், முடிஞ்சுதா? எட்டாவது கேள்வி மட்டும் காலியா கீதுன்னு மோனிகா சொல்றா."

"இதோ ஆச்சு" என்கிறேன்.

ஆகவில்லை. பார்த்தும் வாயைத் திறக்காதவன் நான். என் கையை நானே நம்பவில்லை. இப்போது நீங்களும் அந்தக் காலண்டருக்குப் பின்னால் பார்த்துவிட்டீர்கள். பேனாவைப் பிடியுங்கள்.

8. விரிசலை முதலில் பார்த்த தேதி: ..................

சாட்சியின் கையொப்பம்: ..................