சுவரிலிருந்து பேசும் உப்பா

பத்தொன்பது மணி நேரமாக வாசல் கேமராவின் மேல் நஷ்வாவின் பள்ளிக்கூட சாக்ஸ் மாட்டியிருந்தது. கடல் தாண்டி அஜ்மானில் இருக்கும் அவளுடைய உப்பாவுக்கு அத்தனை நேரமும் வீடு தெரியவில்லை.

வீடு இருக்கும் கொண்டோட்டியில் நல்ல மழை. கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார். நஷ்வாவின் உம்மா ஷஹர்பான் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது போன் மறுபடியும் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, சமையல் மேடையில் சாய்த்து வைத்தாள்.

"சாக்ஸை எடுத்தாளா?" என்றான் அஜ்மானிலிருந்து முஜீப்.

"இல்ல."

"நீயாவது எடுக்கலாமே."

"அவ மாட்டினது. அவளே எடுக்கட்டும்."

"கேட் பூட்டியிருக்கா? மழைத்தண்ணி உள்ள வருதா? ஒண்ணும் தெரியல எனக்கு. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு."

குரல் மட்டும்தான் வந்தது. நெட் சரியில்லை, படம் வராது என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

முந்தைய நாள் சாயங்காலம் நஷ்வா இரண்டு தோழிகளோடு கேட்டைத் திறந்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கேமராவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கத்தியது. "ரெண்டே முக்காலுக்கு வீட்டுல என்ன வேலை உனக்கு? ஸ்கூல்லேருந்து ஓடி வந்துட்டியா? யாரு இந்தப் பிள்ளைங்க?"

இங்கே அப்போது மணி நாலேகால். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடும். முஜீப் அதைக் கூட்ட மறந்துவிட்டான்.

"உங்க வீட்டுச் சுவரு பேசுதுடீ!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சுவருக்கு சலாம் சொன்னாள். இருவரும் சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். நஷ்வா அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஷூவையும் ஈரமான சாக்ஸையும் கழற்றி, ஒரு சாக்ஸைக் கேமராவின் தலையில் மாட்டினாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் ஷஹர்பானை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுடைய உப்பாவும் வெளிநாட்டில், தம்மாமில் இருந்தார். ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கேசட் கொடுத்தனுப்புவார். உம்மா டேப் ரெக்கார்டரைப் பாயின் நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, பதில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். ஷஹர்பான் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட கதை அப்படித்தான் தம்மாம் போனது. அதற்கான திட்டு வந்து சேர்வதற்குள் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கேசட் திட்டியது. அவள் அதே மரத்துக் கொய்யாவைத் தின்றுகொண்டே கேட்டாள்.

முஜீபுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவனுடைய உப்பா குவைத்திலிருந்து வந்து இறங்கிய நாளில், ஏழு வயது முஜீப் விமான நிலைய வாசலில் வேறு யாரோ ஒருவரிடம் ஓடிப்போய், "உப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான வாரத்தில் அவன் சிரித்துக்கொண்டே இதை அவளிடம் சொன்னான். கேமரா வாங்கி அனுப்பியபோது சிரிக்கவில்லை. "என் பொண்ணு வளர்றதை நான் பார்க்கணும்" என்றான்.

அதனால் சாக்ஸை அப்படியே விட்டுவிடவும் ஷஹர்பானுக்கு மனமில்லை. ஆனால் தானே பிடுங்கிப் போட்டால் மகள் இனிமேல் அவன் முன்னால் வரவே மாட்டாள். உப்பாவும் மகளும் இப்படியே பேச்சற்றுப் போய்விடுவார்களோ என்று இரவெல்லாம் அவளுக்கு அதே யோசனை. வேறொரு யோசனையும் இருந்தது. நோன்பு மாதத்தில் இங்கே பாங்கு சொல்லும் நிமிடத்துக்குச் சரியாக அங்கிருந்து கூப்பிடுகிறவன், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மணி தப்பாதவன், நேற்று எப்படித் தப்பினான்? கேட்க அவளுக்கு பயமாக இருந்தது.

நஷ்வா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யாரு? சுவரு உப்பாவா?"

"வாயை மூடு. வந்து பேசு."

"மாட்டேன்." கதவில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "இப்ப அங்க மணி என்ன உம்மா?" என்றாள்.

"ஒன்பதே முக்கால் இருக்கும்."

"எட்டு மணிக்கே உப்பா வேலை பார்க்கற மீன் கடையைத் திறந்துருவாங்க. உப்பா கூப்பிட்டா மீன் வெட்டற சத்தம்தான் முதல்ல கேட்கும். இப்ப கேட்குதா?"

ஷஹர்பான் கத்தியைக் கீழே வைத்தாள். போனில் ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மோளே, நேத்து உப்பா தெரியாமக் கத்திட்டேன்" என்றான் முஜீப். "அந்தப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடு. சாக்ஸை எடுத்துடு, என்ன?"

"எடுக்கறேன். முதல்ல நீங்க உங்க கேமராவை ஆன் பண்ணுங்க."

"இங்க நெட்டு..."

"நெட்டு இல்லாமத்தான் நேத்து எங்க வாசல்ல வந்து கத்தினீங்களா?"

ஷஹர்பானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் எங்களை எப்பவும் பார்ப்பீங்க" என்றாள் நஷ்வா. இப்போது அவள் குரல் கேலியாக இல்லை. "நான் திண்ணையில சாப்பிடறது, படிக்கறது, செருப்பை எங்க விடறேன்கிறது வரைக்கும். நாங்க உங்களைப் பார்க்க வேண்டாமா?"

மின்விசிறி சுற்றியது. பிறகு படம் வந்தது.

அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் முஜீப் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் மற்றக் கட்டில்களில் போர்வைகள் மடித்துக் கிடந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலில் நல்ல வெயில்.

"உப்பா, என்ன இது தாடி?"

"நல்லாருக்கா?"

"இல்ல. உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"லீவா?"

அவன் திரைக்கு வெளியே எங்கேயோ பார்த்தான். "உம்மாகிட்ட போனைக் குடு மோளே."

நஷ்வா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பேசியிருக்கலாம். அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான். ஷஹர்பான் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"என் கை ஈரமா இருக்கு" என்றாள். "அவகிட்டயே சொல்லுங்க."

நஷ்வா போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "சொல்லுங்க உப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

முஜீப் தாடியைத் தடவினான். இந்த முறை மகளை நேராகப் பார்த்தான்.

"கடையை மூடிட்டாங்க மோளே. எனக்கு வேலை போயி ஒரு மாசமாச்சு."