பத்து வருடத்துக்கு ஒரு சொட்டுக்கூட

கோமளம் நாற்காலியின் மேல் ஏறி, ஃபேன் கொக்கிக்குக் கீழே டவராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கடுத்தது. கொஞ்சம் ஆறட்டும் என்று இறக்கினால், அடுத்த சொட்டு நேராகக் கண்ணாடிப் பெட்டியின் மேல், அப்பாவின் மூக்குக்கு மேலே விழுந்து தெறித்தது.

அப்பா தனக்கோடி நேற்று மாலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். ராத்திரியே ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. ராத்திரியே மழையும் வந்தது. அது விடியும் முன்பே ஓய்ந்து, இப்போது நீலசந்திரா வட்டாரம் முழுக்கச் சுள்ளென்று வெயில். சொட்டு மட்டும் நிற்கவில்லை.

அதுதான் கோமளத்துக்குப் புரியவில்லை. காலையிலேயே மாடிக்குப் போய், ஃபேனுக்கு நேர் மேலே உள்ள இடத்தைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டாள். வெள்ளைப் பூச்சு அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. விரிசல் இல்லை, குமிழ் இல்லை. மேலே காய்ந்துகிடக்கும் இடத்திலிருந்து கீழே எப்படித் தண்ணீர் வரும்?

பெட்டியை நகர்த்தலாம் என்றால், தலை தெற்கே இருக்க வேண்டும். ஒயர் எட்டுவது ஒரே ஒரு பிளக்குக்குத்தான். இன்னொரு பக்கம் வாசற்படி. ஃபேன் லைனை மட்டும் மெயினில் அணைத்துவிட்டு, வீட்டுப் பெண்கள் முறை வைத்து டவரா பிடித்தார்கள்.

"மூணு மணிக்கு எடுக்கணும்னு சொல்லியாச்சு மங்களக்கா," என்றார் நாகேஷ் மாமா. அம்மாவின் தம்பி. "வண்டிக்காரன் அங்க நிக்கிறான். தமட்டை அடிக்கிறவங்க ரெண்டு தடவ டீ குடிச்சிட்டாங்க."

"சொட்டு நிக்கட்டும்."

"அது நிக்கும்போது நிக்கும்க்கா!"

"நின்னாதான் எடுக்கணும்." அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டுக்கூட விழாதுன்னு சொல்லிச் சொல்லி என் உசுர வாங்குன மனுஷன். வடாம் காய வெச்சேனா? மாடியில ஒரு முக்காலி போட்டு உக்காந்தேனா? கடைசி நாள்ல அவரு மூஞ்சி மேலயே சொட்ட விட்டு அனுப்பிச்சா, போற வழியெல்லாம் என்ன சொல்லுவாரு? நான் மாட்டேன்."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்து மாமா வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா சொன்னதில் மிகை இல்லை. தனக்கோடி அரசுத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தபோது கிடைத்த வாரண்டியை அவர் வாசித்த மாதிரி அந்தக் கம்பெனியில்கூட யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். கூரைக்குக் கொடுக்கும் வாரண்டி கூரைக்கு மட்டும் கொடுப்பதல்ல, நடத்தைக்கும் சேர்த்துக் கொடுப்பது என்பதை அவர்தான் வீட்டுக்கு விளக்கினார். பூச்சு தானாகத் தேய்ந்தால், உரிந்தால் கம்பெனி பொறுப்பு. வீட்டுக்காரர் ஒரு ஓட்டை போட்டால், கூரான எதையாவது வைத்தால், வேறு ஆளைக் கூப்பிட்டு ஒட்டுப் போட்டால் வாரண்டி செத்தது. செத்த வாரண்டி திரும்ப எழுந்திருக்காது. எனவே தீபாவளிக்குப் புஸ்வாணம் தெருவில்தான். கேபிள்காரர் மாடியேறினால் அப்பா பின்னாலேயே ஏறுவார்.

போன மழைக்காலத்தில்தான் முதல் சொட்டு விழுந்தது. கம்பெனி ஆட்கள் இரண்டு தடவை வந்து ஃபேனுக்கு நேர் மேலே நின்று, "பூச்சு நல்லா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாமே ஏதாவது பூசிவிடலாம் என்று கோமளம் சொன்னபோது அப்பா பதறிவிட்டார். "அவனுங்க ஆள்தான் தொடணும். நம்ம கை பட்டா போச்சு. உனக்கே தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் கம்பெனியின் கால் சென்டரில் பகல் முழுக்க, இரண்டு மொழிகளில், "சாரி மேடம், இது வாரண்டியில வராது" என்று சொல்வதுதான் அவளுடைய வேலை.

வாசலில் ஏதோ சலசலப்பு. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். சட்டைப்பையில் கம்பெனி அடையாள அட்டை. ஓஸ்வால்ட்.

"தனக்கோடி சார் கம்ப்ளைன்ட் குடுத்திருந்தாரு. இன்னிக்கு இன்ஸ்பெக்ஷன். கஸ்டமர் வீட்ல இருக்கணும்னு..."

"இருக்காரு," என்றார் நாகேஷ் மாமா. "உள்ள படுத்திருக்காரு. போய்ப் பாருங்க."

ஓஸ்வால்ட் எட்டிப் பார்த்து, சட்டென்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "ஐயோ. சாரி சார். நான் இன்னொரு நாள் வரேன்."

"எங்க போறீங்க?" கோமளம் டவராவை ரத்தினம்மாளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தாள். ரத்தினம்மாள் எதிர்வீடு. "அவர் கூப்ட்டுதானே வந்தீங்க? வாங்க மேல."

மாடியில் ஓஸ்வால்ட்டும் ஃபேனுக்கு நேர் மேலே போய் நிற்கத்தான் கிளம்பினார். படிக்கட்டுக் கதவைத் தாண்டியதுமே கோமளம் நின்றுவிட்டாள். கதவோரமாக அப்பா போன வருடம் நட்ட இரும்புப் பலகை. தமிழிலும் கன்னடத்திலும் அவர் கையாலேயே எழுதியது: 'மாடி வாரண்டியில் உள்ளது. செருப்புடன் நடக்காதீர். துளை போடாதீர்.' மாடி முழுக்க வெயிலில் வெளுத்திருக்க, அந்தப் பலகையின் காலடியில் மட்டும் தட்டளவுக்கு ஈரம்.

பலகை நான்கு போல்ட்டுகளில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு போல்ட்டும் பூச்சைத் துளைத்து உள்ளே இறங்கியிருந்தது.

ஓஸ்வால்ட் பலகையை வாசித்தார். போல்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பலகையை வாசித்தார்.

"இத யாரு மேடம் போட்டாங்க?"

"அவர்தான். துளை போடாதேன்னு சொல்றதுக்கு."

இருவரும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். கோமளத்தால் முடியவில்லை. சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். படிக்கட்டுக்கு நேர் கீழேதான் ஹாலின் சுவிட்ச் போர்டு. அங்கிருந்து ஃபேனுக்குப் போகும் ஒயர், தளம் போடும்போதே உள்ளே புதைத்த பிளாஸ்டிக் குழாயில் போகிறது. அந்தக் குழாய் இந்தப் பலகைக்கு அடியில் புறப்பட்டு, ஹாலின் நடுவில் கொக்கியருகே முடிகிறது. போல்ட்டு குழாயைக் குத்தியிருந்தால்? தளத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் உள்ள செங்கல்தூள் சுர்க்கிக் கலவை மழை நின்ற பிறகும் பஞ்சு போலத் தண்ணீரை வைத்திருக்கும். அது ஊறி ஊறித் துளைக்குள் இறங்கும். குழாய் அதைக் கூட்டிக்கொண்டு போய், மாடி காய்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே விட்டுவிடும்.

அவள் படியிறங்கிச் சமையலறையில் ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்துக்கொண்டு வந்து, போல்ட்டுகளின் காலடியில் ஒவ்வொன்றாக ஊற்றினாள். முதல் மூன்றில் தண்ணீர் தேங்கி நின்றது. நான்காவது, மடக் மடக்கென்று குடித்தது.

கீழேயிருந்து ரத்தினம்மாளின் அலறல் கேட்டது. "அய்யோ, மஞ்சளா வருது! தாயே, மாரியாத்தா! அண்ணன் சுமங்கலிக்கு மஞ்ச குடுக்குறாரு, கற்பூரம் ஏத்துங்க!"

தொடர்ந்து அம்மாவின் குரல். "ஒண்ணும் ஏத்த வேணாம். இது என் வீட்டு மஞ்சப்பொடிதான், வாசனை தெரியாதா எனக்கு? ஏய் கோமளா! மேல இன்னாடி பண்ற? நிறுத்தச் சொன்னா கலர் ஊத்துறியா?"

ஓஸ்வால்ட் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். தூக்கிய கையைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். இந்த போர்ட கழட்டி உள்ள வெச்சிடுங்க. நான் இதப் பாக்கல. தேய்மானம்னு எழுதிடறேன். திங்கக்கிழம எங்க டீம் வந்து ஃப்ரீயா சரி பண்ணிடுவாங்க. மிச்ச வருஷமும் வாரண்டி அம்மா பேருக்கு மாறிடும். ஆனா அதுவரைக்கும் துளைய நீங்க தொடக்கூடாது. வெளி ஆள் ஒட்டு இருந்தா டீம் கண்டுபிடிச்சிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கோமளம் துளையைப் பார்த்தாள். அம்மா இனி இந்தக் கூரைக்குக் கீழேதான் தனியாக இருக்கப்போகிறாள். மிச்ச வருடங்கள் சின்ன விஷயம் இல்லை. அவள் வேலையில் இப்படி ஒரு சலுகையை எந்த வாடிக்கையாளருக்கும் யாரும் தந்ததில்லை. ஹெட்போனின் மறுபக்கத்தில் ஒரு பெண் இப்படித் தயங்கினால், "ஒத்துக்குங்க மேடம்" என்று அவளே சொல்லியிருப்பாள்.

கீழே தமட்டை ஒரு தரம் அடித்து நின்றது. "மணி ஆகுதுப்பா!" என்று மாமா யாரிடமோ கத்தினார்.

"திங்கக்கிழம வரைக்கும் அவர வெச்சிருக்க முடியாது சார்," என்றாள் கோமளம். "உள்ளத உள்ளபடி எழுதிடுங்க."

"வாரண்டி வாய்ட் ஆயிடும் மேடம்."

"தெரியும். நானே நல்லா சொல்லுவேன் அத."

ஓஸ்வால்ட் போட்டோ எடுத்துக்கொண்டார். கிளம்பிவிடாமல், தன் பைக்கிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "இது கம்பெனி வேல இல்ல," என்று சொல்லிவிட்டு நான்காவது போல்ட்டைக் கழற்றினார். கோமளம் அப்பாவின் மேசை டிராயரிலிருந்து ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை எடுத்து வந்தாள். பிரிக்காத பாக்கெட். இந்த வீட்டில் ஒரு வருடமாக இதைத் தொட யாருக்கும் அனுமதி இருந்ததில்லை. இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் துளையைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். எம்-சீலின் இரண்டு துண்டுகளையும் ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டும். திரியாக உருட்டித் துளைக்குள் இறக்க வேண்டும். குழாய் அடைபடாத அளவுக்கு, ஆனால் இடைவெளி இல்லாமல். கோமளம் ஒவ்வொன்றாகச் செய்தாள்.

கீழே அம்மா சொன்னாள். "நின்னுடுச்சு." பிறகு அம்மாவே, "தூக்குங்க," என்றாள்.

தமட்டை ஒரேயடியாக எழுந்தது. "கோமளா, வா!" என்று மாமா கூப்பிட்டார்.

பசை பிடிக்கும்வரை மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான். அதற்குள் எடுத்துவிட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஒழுகும். கோமளம் முட்டி போட்டு, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.