சலூன் வரைக்கும் ஆறு கார்கள்

பழைய ஐஸ் ஃபேக்டரியின் பின்புறக் கிடங்கில் நின்ற ஆறு கார்களை யார் பார்த்தாலும், தெருமுனைச் சலூனைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். வயதோ படிப்போ இதில் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. சலூன்காரர் கடைக்குள் இருக்கும்வரை ஆறு கார்களின் நிறத்தையும் வரிசையாகச் சொல்வார். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நாலடி வைத்தால், அங்கே ஒரு கிடங்கு இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

கார்களைக் கண்டுபிடித்தவள் பல்செட்காரி. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவள் என்பதால் வந்த பெயர். அவளுடைய சித்தப்பா ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருந்தவர். ஃபேக்டரி மூடியபோது கிடங்கை வாங்கிப் போட்டவர். அவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். நர்ஸ் ஒரு சாவிக்கொத்தையும் டிபன் பாக்ஸையும் அவள் கையில் கொடுத்தாள். டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஆணியால் கீறியிருந்தது: ‘நாலு மணிக்கு ஐஸ் ஃபேக்டரிக்குப் போ. கார்கள் இருக்கு. நிஜம்.’

போனாள். இருந்தன. சித்தப்பாவிடம் ரிப்பேருக்கு விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வராத கார்கள். ஒன்றின் சீட்டுக்கடியில், ‘இரண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஐம்பது வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட துண்டுக் காகிதம்கூடக் கிடந்தது. பச்சைக் காரில் திரும்புகிற பக்கம் விளக்கு எரியாது, கதவோரத்திலிருந்து ஒரு சின்னத் தகரக் கை வெளியே நீளும். கறுப்புக் காரின் கதவுக்குக் கீழே நீண்ட கால்மிதி நாலு பேர் உட்காரும் அகலம். எல்லாமே துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக இருந்தன. பல்செட்காரி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கழுவும்போது மூடியைப் படித்து, இதென்ன புதுசா இருக்கு என்று யோசித்தாள். இப்படி நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் டிபன் பாக்ஸையும் கொண்டுபோய், கிடங்கிலேயே ஓர் ஆணியைத் தேடி எடுத்து, அவருடைய எழுத்துக்குக் கீழே ‘நானும் பார்த்தேன்’ என்று கீறிக்கொண்டு வந்தாள்.

அவள் வேலை செய்த மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார். கிடங்கில் தண்ணீர் வசதி இருந்தது, பல்லைச் சுடும் அடுப்பு வைக்கவும் இடம் இருந்தது. கார்களை விற்றால் குடியேறிவிடலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தாள். அதைப் படித்தவர்கள் பக்கத்தைத் திருப்புவதற்குள் மறந்தார்கள். திருப்பாமல் போனை எடுத்த ஆறு பேர் மட்டும் வந்தார்கள். அவர்களில் பழைய கார் என்றால் உயிரை விடுகிற கண் டாக்டர் ஒருவர். பச்சைக் காரைப் பார்த்துக் கண்கலங்கினார். ஒரு காந்தத்தைக் காரின் உடம்பெல்லாம் ஓட்டி, தகரம் எங்கே, பட்டி பூசி மறைத்த இடம் எங்கே என்று சோதித்தார். இடது கதவுக்குக் கீழே துரு இருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லியே விலையைக் குறைத்தார். “நாளைக்கே எடுத்துக்கறேன்மா” என்று கைகூப்பிவிட்டுப் போனார். மறுநாள் அவள் கிடங்கில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துப் போன் செய்தால், “காரா? எந்தக் கார்? இதோ வர்றேன்!” என்றார். வந்து கண்கலங்கினார், காந்தத்தை ஓட்டினார், அதே துருவைப் புதிதாகக் கண்டுபிடித்தார். ஒன்பது தடவை. ஒன்பதாம் தடவை பல்செட்காரி அவரிடம் காரை வாங்கிக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியை அவர் சட்டைப் பையிலும் வைத்தாள். யாரோ என் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் போலீஸுக்குப் போனார்.

அவளுக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாலு கூலியாட்களைப் பிடித்து, பெட்ரோல் இல்லாத பச்சைக் காரைத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் வீட்டு வாசலில் விடச் சொன்னாள். மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளி, சலூனைத் தாண்டினார்கள். தாண்டியதும் கையை உதறிவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கார் தானாக இறக்கத்தில் உருண்டு கிடங்கு வாசலுக்கே திரும்பி வந்தது.

ஆனால் அன்று கார் நகர்ந்ததால், அதற்குப் பின்னால் மறைந்திருந்த சுவர் தெரிந்தது. சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. பல்செட்காரி அதைப் படித்துவிட்டு, அங்கேயே நின்றபடி சித்திக்குப் போன் செய்தாள்.

சித்தி புருஷனை விட்டுப் பிரிந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் நாலு மணிக்குக் கிளம்பி, கிரீஸ் வாடையோடு இருட்டிய பிறகு திரும்புகிற மனுஷன், எங்கே போனாய் என்று கேட்டால் காரைப் பார்க்க என்பார். எந்தக் கார் என்றால் திருதிருவென்று விழிப்பார். வேறொரு பெண், அதுவும் மெக்கானிக் வேலை தெரிந்தவள் என்று சித்தி முடிவு கட்டினாள். தம்பி வீட்டுக்குப் போனவள் சாவுக்கும் வரவில்லை. “செத்தவன் பேச்சு எதுக்குடி?” என்றுதான் இப்போதும் கேட்டாள். ஆனாலும் ஆட்டோ பிடித்து வந்தாள்.

சுவரில் ஒரே சேதி திரும்பத் திரும்ப இருந்தது, தேதி மட்டும் வேறு. ‘இன்று அவளைக் கூட்டி வந்தேன். பச்சைக் காரில் உட்கார்ந்தாள். சிரித்தாள்.’ சித்தி விரலை வைத்து எண்ணினாள்.

“நாப்பத்தோரு தடவை வந்திருக்கேனா?”

“வந்திருக்கீங்க சித்தி.”

“ஒவ்வொரு தடவையும் சிரிச்சேனா?”

“அப்படித்தான் எழுதியிருக்கார்.”

“அந்த ஆளுக்குமா வெளிய போனா மறந்துடும்?”

பல்செட்காரி டிபன் பாக்ஸ் மூடியைக் காட்டினாள். சித்தி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பச்சைக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“கிளம்பலாமா சித்தி? ஆட்டோக்காரர் காத்துக்கிட்டிருக்கார்.”

“இப்ப நான் சலூனைத் தாண்டினா, மறுபடியும் அந்த மனுஷனைத் திட்டுவேனா?”

“திட்டுவீங்க.”

“அப்ப நான் வரலை. ஆட்டோவை அனுப்பு.”

“விளையாடாதீங்க சித்தி. இந்த இடத்தைக் காலி பண்ணத்தான் நான் மூணு மாசமா நாயா அலையறேன். நீங்க வேற இதுல வந்து உக்காந்துக்கிட்டா எப்படி?”

“இருபத்திரண்டு வருஷம் தப்பா உக்காந்திருந்தேன்டி. இப்பதான் சரியான இடத்துல உக்காந்திருக்கேன்.”

பல்செட்காரி ஒரு டயரை உதைத்தாள். கால் வலித்தது. ஆட்டோவை அனுப்பினாள்.

சித்தி கிடங்கின் அலுவலக அறையில் தங்கினாள். தெருவை விட்டு அவள் வெளியே போகாததால், கார்களை விடாமல் ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான் என்றானது. விற்பனையும் அதன் பிறகே நடந்தது. கண் டாக்டரும் மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு கார் வாங்கி, கிடங்கிலேயே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சித்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேருக்கும் போன் செய்து, உங்களுக்கு இங்கே ஒரு கார் இருக்கிறது என்பாள். எனக்கா என்று ஓடி வருவார்கள். துடைப்பார்கள், சலூன் வரை ஓட்டுவார்கள், திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். ஆறு காரும் விற்றுப்போயும் ஓரடி இடம்கூடக் காலியாகவில்லை என்று பல்செட்காரி புலம்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கறுப்புக் காருக்கும் சுவருக்கும் நடுவில் அடுப்பைப் போட்டு, கால்மிதியில் பல் அச்சுகளைக் காய வைத்து வேலையை ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சுகளை எடுத்துத் தரையில் வைப்பதற்கு மட்டும் அவள் கடைசிவரை முணுமுணுத்தாள்.

இரண்டாம் வருடம் சித்தியின் தம்பி அக்காவைக் கூட்டிப்போக வந்தார். அங்கே வந்தால் எனக்குக் கோபம் வரும், இங்கே இருந்தால் வருவதில்லை என்று அவள் சொன்னாள். அவர் காபி குடித்தார், எல்லாக் காரிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி, என்ன சொன்னார்கள், ஏன் வரவில்லையாம் என்று கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றியபடி யோசித்துப் பார்த்தார். “ஞாபகம் இல்லை. ஆனா அக்கா நல்லா இருக்கா” என்றார். அவளும் சரி என்று சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.