தொழிலாளி என்று போட்ட பாரம்

பாடைக்கு வெட்டிப் போட்டிருந்த பச்சை மூங்கிலை உருவி, ஜெகதீஷ் தாய்மாமன் மகாராஜனின் தோளில் ஓங்கிப் போட்டான். மாமன் கைத் தாம்பாளம் தெறித்து, தன் அக்காவுக்கு அவர் கொண்டுவந்த கோடிச்சேலை புழுதியில் விழுந்தது.

"எங்கப்பன முழுங்கிட்டு கோடி வேற கொண்டாந்தியா?"

பிறந்த வீட்டுக் கோடி வராமல் பிணம் எடுக்கக் கூடாது. கொண்டுவந்தவனையே அடித்தால்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! பிணத்தின் தலைமாட்டில் இருந்தாள் தங்கை முத்துப்பிரியா. அந்த அடி அவள்மேல் விழவேண்டியது.

அப்பா ஈஸ்வரன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட மேனேஜர். பதினேழு வயதில் களைக்கொத்தோடு மலை ஏறியவர். தோட்டம் கைமாறியதும் புது முதலாளிகள் எல்லோருக்கும் இழப்பீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தொழிலாளிகளின் காசுக்கு ஒரு வரம்பு வரை வரி கிடையாது. மேனேஜர் காசில் மட்டும் வரி என்று ஒரு பெருந்துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். போடியில் வருமானவரிப் பாரம் பூர்த்திசெய்து கொடுக்கும் மகாராஜன், "மச்சான், சட்டப்படி நீங்க தொழிலாளி இல்ல. விட்டுருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அட்டைக்கு ரத்தங் குடுத்தவன் தொழிலாளி இல்லையாக்கும்?" மாமனுக்குத் தெரியாமல் மகளைக் கூப்பிட்டார். "நீயே போன்ல போடு ஆத்தா. தொழிலாளின்னு போடு." போட்டாள். பிடித்த வரி திரும்பி வந்தது. முந்தாநாள் நோட்டீசும் வந்தது, அபராதத்தோடு மூன்று மடங்காகக் கட்டச் சொல்லி. அதைப் படித்த மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான்.

இரண்டாவது அடி மாமனின் நெற்றியைப் பிளந்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. ரத்தம் புருவத்தில் வழிய முத்துப்பிரியாவையே பார்த்தார். பாரம் எந்தப் போனிலிருந்து போனது என்று நோட்டீஸைப் பார்த்த அன்றே அவர் கண்டுபிடித்திருந்தார்.

"சொல்லுய்யா! அந்தப் பாரத்த நீதான எழுதுன?"

"ஆமாப்பு," என்றார் மாமன். "நாந்தான்."

ஜெகதீஷ் மூங்கிலை வீசிவிட்டு, அதை வெட்டிய அரிவாளை எடுத்தான். அம்மா அலறினாள். ஆண்கள் நாலைந்து பேர் பின்வாங்கினார்கள், வீராதி வீரர்கள்! முத்துப்பிரியா பிணத்தைத் தாண்டிப் பாய்ந்து அண்ணன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அரிவாள் நுனி அவள் முழங்கையைக் கீறியது.

"அண்ணே, மாமா பொய் சொல்றாரு! போட்டது நானு. போடச் சொன்னது அப்பா. மாமா வேணாம்னுதான் சொன்னாரு!"

அரிவாள் தரையில் விழுந்தது. ஜெகதீஷ் தங்கையைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். அடுத்த கணம் பிணத்தின்மேல் விழுந்து இரண்டு தோளையும் பற்றி உலுக்கினான்.

"ஏன்யா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? வண்டிய வித்துக் கட்டிருப்பேன்ல! சொல்லுய்யா!"

அப்பாவின் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. தாடைக் கட்டு அவிழ்ந்து வாய் திறந்துகொண்டது, மூக்கில் வைத்த பஞ்சு தரையில் விழுந்தது. மாமன்தான் வந்து அவனைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துத் தூக்கினார். அவர் ரத்தம் அவன் கழுத்தில் இறங்கியது. இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

முத்துப்பிரியா அப்பாவின் வாயை மூடித் தாடையைக் கட்டினாள். தரையில் கிடந்த பஞ்சை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, மூக்கில் வைத்தாள். அது நிற்கவில்லை. மறுபடியும் வைத்தாள்.