சைபர் காட்டிய பெட்டி

சுவர் வெடிப்பில் விரல் நுழைந்தது. போன வாரம் தீக்குச்சிதான் நுழைந்தது. ஜீவராணி விரலை உருவிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் மாட்டியிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு. பக்கத்தில் சைபர்.

பின்னால் இருக்கும் மேடு சரியத் தொடங்கினால் கத்தும் என்று சொல்லி அதை மாட்டியவள் நிலக்ஷி. பொகவந்தலாவை லயமொன்றில் பிறந்து, கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மேட்டில் அவள் நட்ட கம்பம், நேற்றிலிருந்து இன்றைக்கு எவ்வளவு பக்கவாட்டில் போனது, எவ்வளவு கீழே இறங்கியது என்று அளந்து சொல்லும். இரண்டையும் வைத்து, சாய்வாக எவ்வளவு நகர்ந்தது என்று பெட்டி கணக்குப் போடும். ஒரு நாளில் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் கத்தும். கத்தினால்தான் லயத்து ஆட்கள் தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். லிந்துலைப் பக்கம் மழை விடவேயில்லை, பெட்டியோ வாயே திறக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஜீப்பில் நிலக்ஷி வந்து இறங்கிய அன்றே ஜீவராணிக்குச் சந்தேகம். மேடு நகருது என்றால் தோட்டத்தை நடத்தும் தொரை புது வீடு கட்டித் தரவேண்டும். சைபர் என்றால் அவருக்கு நிம்மதி.

ஜீவராணியிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டு நிலக்ஷி வந்தாள். ஜீவராணியின் ஒற்றையறைக் காம்பராவுக்குள், மேட்டை ஒட்டிய பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தாள். ஜீவராணி பிளேன்டீயை வைத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

"தொரை என்னா குடுத்தாரு?"

"ஒங்க பிளேன்டீதான் அக்கா கெடச்சிச்சு."

ஜீவராணி சிரிக்கவில்லை. நிலக்ஷிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கம்பத்தில் இன்னும் துணிக்கொடி கட்டுகிறார்களா என்று கேட்டாள். வெயில் விழுவதே அந்த ஒரு இடத்தில்தான், அங்கே கம்பத்தை நட்டால் வேறென்ன செய்வது என்று ஜீவராணி திருப்பிக் கேட்டாள். ஆரம்பத்தில் ஈரக் கம்பளி காற்றில் ஆடும்போதெல்லாம் பெட்டி கத்தி, லயமே வெளியே ஓடியிருக்கிறது. அதற்காகத்தான், சின்ன ஆட்டத்தைக் கண்டுகொள்ளாதே என்று நிலக்ஷி கணக்கில் கடைசி இலக்கங்களை வெட்டியிருந்தாள். மீட்டரில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும் என்று விட்டிருந்தாள்.

பேசிக்கொண்டே அளவுகளைப் பார்த்து வந்த நிலக்ஷி, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"கம்பம் சரியாத்தான் சொல்லியிருக்கு. பக்கத்துல அஞ்சு மில்லிமீட்டர், கீழ மூணு. பெட்டிதான் முழுங்கியிருக்கு."

"பெட்டியா, நீயா?"

"நான்தான்."

அவள் விளக்கியதை ஜீவராணி நம்பாமலே கேட்டாள். சின்ன எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் இன்னும் சின்னதாகிறது. மீட்டரில் போட்ட ஐந்தும் மூன்றும் பெருக்கியபின் நான்கு இலக்கத்துக்கு வெளியே போய்விட்டன. வெட்டியதும் இரண்டும் சைபர். சைபரைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தாலும் சைபர். மறுநாள் கணக்கு புதிதாய்த் தொடங்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாய் நகரும் மேடு அந்தக் கணக்கில் நகரவே நகராது.

நிலக்ஷி மடிக்கணினியில் கணக்கை மாற்றி எழுதினாள்; பெட்டிக்கு இன்னும் ஏற்றவில்லை. முதலில் பெருக்காமல், சின்னதைப் பெரியதால் வகுத்தாள். மூன்றை ஐந்தால் வகுத்தால் புள்ளி ஆறு. அதை அதாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டி, மூலம் எடுத்து, கடைசியில்தான் பெரியதால் பெருக்கினாள். வழியில் எதுவும் தொலையவில்லை. ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் என்று வந்தது.

"நேத்து சைபர், இன்னிக்கி ஆறு. நாளைக்கி தொரை பேசுனா மறுபடி சைபரா?"

நிலக்ஷி முந்திய நாட்களின் அளவுகளையும் புதுக் கணக்கில் ஓட்டினாள். ஜீவராணி திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் ஒவ்வொன்றாய் வர வர, அந்தப் பெண் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு, தன்னை அறியாமலே நகர்ந்து வாசலுக்கு வந்து நின்றாள். தேநீர் அப்படியே இருந்தது.

ஜீவராணி பக்கத்துக் காம்பராச் சுவரைத் தட்டப்போனவள், தட்டாமல் வெளியே போய்க் கூப்பிட்டாள்.

"காளியாயி, புள்ளைகள கூட்டிக்கிட்டு கெளம்பு. பள்ளிக்கூடத்துக்குப் போறோம்."

"பெட்டி கத்தலையே அக்கா?"

"நாம கத்துவோம். எல்லாரையும் கெளப்பி விடு."

பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி நிலக்ஷி போனில் பேசி முடித்தாள். பிறகு மெதுவாய்க் கேட்டாள்.

"என்னய நம்புறீங்களா அக்கா?"

"இல்ல. அரிசி மூட்டைய அந்தப் பக்கம் புடி."