சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி

1

இது நானாக யோசித்த கதை இல்லை. துறைமுகத்தில் படகுச் சாமான் விற்கும் கடைக்கார அம்மா சொன்னது. நான் அங்கே போனது வேறு வேலையாக. என் அடுத்த நாவலில் காதலன் பாய்மரப் படகில் வைத்துக் காதலியிடம் சம்மதம் கேட்கிறான். அந்தப் படகில் என்னென்ன இருக்கும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளப் போயிருந்தேன்.

"படகுல காதலைச் சொல்றதுக்கு முன்னாடி ரேடியோ பட்டன் அமுங்கியிருக்கான்னு அந்தப் பையனைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்கார அம்மா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

காதலர்களை நடுக்கடலில் விட்டுவிட்டு, அவர் எதற்குச் சிரித்தார் என்பதை எழுத வந்துவிட்டேன். முதல் வரி இப்படி அமைந்தது:

நீலக்கடலின் மேல் வெண்பாய் விரித்து, தென்றலின் தோளில் கைபோட்டபடி அந்தப் படகு…

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் இரண்டாம் பத்தியில் யாராவது பாடிவிடுவார்கள்.)

2

கணக்கு வாத்தியார் பெண்ணைப் பெற்றவர். பேக்கரிக்காரர் பையனைப் பெற்றவர். பெண் பார்க்க வந்த இடத்தில், பையனும் பெண்ணும் பேசட்டும் என்று பெரியவர்கள் மொட்டை மாடிக்கு ஒதுங்கியபோது, இருவருக்குமே படகுப் பைத்தியம் உண்டு என்று தெரிந்துபோனது. பையனும் பெண்ணும் என்ன பேசினார்களோ, இவர்கள் இருவரும் அன்றே பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணம் ஆன கையோடு, பாதிப் பாதி போட்டு ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கினார்கள்.

பெயர் வைப்பதில்தான் இழுபறி.

"உங்க வீட்டம்மா பேரை வெச்சிடுவோம் சம்பந்தி."

"ஐயையோ, அதெப்படி? உங்க வீட்டம்மா பேருதான் முதல்ல."

"பையனைப் பெத்தவங்க நீங்க. உங்க பக்கம்தான் வரணும்."

"பொண்ணையே குடுத்திருக்கீங்க. பேரையும் நீங்களே குடுங்க."

கடைசியில் வண்ணம் பூசுகிறவர் பொறுமை இழந்து, காலையிலிருந்து தன் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போனார். படகின் பெயர் 'சம்பந்தி' ஆனது.

ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்கிற அளவுக்குத்தான் அதில் இடம். இடிக்கும்போதெல்லாம் "மன்னிக்கணும்" என்றார்கள்.

[இந்த இடத்தை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா? நம்புற மாதிரி எழுது" என்றார். என் அப்பா வந்தால் இன்றுவரை நாற்காலி நுனியில் உட்காருகிற மனிதர் கேட்கிற கேள்வி.]

3

காதலர்களுக்காகக் குறித்ததில் ஒன்று இங்கே உதவுகிறது. படகில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. நம் பெயர் என்ன, எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்பதையெல்லாம் அது சுற்றியுள்ள கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர்கள் இருக்குமிடத்தையும் நம் திரையில் காட்டும். கரையில் இருப்பவர்களும் போனில் பார்க்கலாம். அதில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் பெட்டி ஊமையாகிவிடும். பிறர் சொல்வதைக் கேட்கும், தான் எதுவும் சொல்லாது. அப்போது நீல விளக்கு எரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரரின் மனைவி போனில் புள்ளியைப் பார்த்துப் பார்த்து, "ஏன் அங்கேயே நிக்கிறீங்க? கடலுக்கு நடுவுல யாரைப் பாத்தீங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் சத்தமில்லாமல் சுவிட்சை அழுத்தினார். பிறகு மறந்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறியதும் வாத்தியார் நீல விளக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

'பையனைப் பெத்தவர் அணைச்சிருக்கார்னா ஏதோ காரணம் இருக்கும். கேட்டா குத்தம் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். அவர் மனசுல ஒரு முள்ளு தைச்சா, என்னைக்காவது சாப்பாட்டு மேஜைல அது வெளிய வரும். அங்க உக்காந்து சாப்பிடப்போறது என் பொண்ணு.'

பேக்கரிக்காரரும் விளக்கைப் பார்க்கத்தான் செய்தார். 'அட, மறந்துட்டமே' என்று கை நீட்டப்போனவர், வாத்தியாரும் அதையே பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். 'பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையே. கணக்குப் போட்டுத்தான் வெச்சிருப்பார்.'

இப்படியாக, இரண்டு பெரிய மனிதர்களின் மரியாதை காரணமாக 'சம்பந்தி' யார் கண்ணிலும் படாமல் கரையை விட்டுக் கிளம்பியது.

4

மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. காற்று செத்துப்போய்ப் பாய் தொங்கியது. இயந்திரம் இருமிவிட்டு நின்றது. திரையில் ஒரு முக்கோணம். சரக்குக் கப்பல். அதிலிருந்து நீண்ட கோடு நேராக இவர்களை நோக்கி.

பயம் அவரை இருட்டைப் போல… பயம் ஒரு குளிர்ந்த கை போல… பயம்…

(வாத்தியாருக்குப் பயம். அவ்வளவுதான்.)

பனியில் ஊதுவதற்கு ஊதுகுழல் இருந்தது. அது பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் இருந்தது. சம்பந்தியைப் போய் எழுந்திருக்கச் சொல்வதா?

வாத்தியார் ரேடியோவின் மைக்கை எடுத்தார். எல்லாக் கப்பலும் படகும் எப்போதும் காதுகொடுக்கிற ஆபத்து அலைவரிசைதான் அதில் இருந்தது. பட்டனை அழுத்தினார். படகின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது முறை. சொன்னார்.

"சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி…"

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் பேக்கரிக்காரர்.

"உங்களை இல்ல. படகு பேரைச் சொன்னேன்."

"ஓ. சரி சரி. பேசுங்க."

"அதுக்கில்ல… நீங்க பேசுறதுதான் முறை. பெரியவங்க நீங்க இருக்கும்போது…"

"என்ன சம்பந்தி இப்படிச் சொல்றீங்க! படிச்சவங்க நீங்க. நீங்க பேசினாத்தான் நல்லா இருக்கும்."

"பரவால்ல, இந்தாங்க. நீங்களே சொல்லுங்க."

நீட்டிய மைக்கில் வாத்தியாரின் கட்டை விரல் பட்டனை விடவே இல்லை. பட்டனை அழுத்தியிருக்கும்வரை நாம் பேசலாம், பிறர் பேசுவது நமக்குக் கேட்காது. அந்த அலைவரிசையில் பக்கத்தில் வேறு யாரும் வாய் திறக்கவும் முடியாது. துறைமுகத்தில் எல்லாப் படகிலும், கடைக்கார அம்மாவின் சுவர் ஸ்பீக்கரிலும் இந்த உபசாரம் போய்க்கொண்டிருந்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தே கத்தினாராம்: "ரெண்டுல ஒருத்தர் பட்டனை விடுங்கய்யா!"

கடையில் அப்போது இன்னும் இருவர் இருந்தார்கள். சம்பந்தியம்மாள்கள் இருவரும். போனில் புள்ளியையே காணோமே, கடலுக்கே போகாமல் இவர்கள் எங்கே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள் என்று தேடி வந்தவர்கள்.

5

பனிக்குள் ஒரு சுவர் நகர்ந்தது. மாடிக் கட்டடம் அளவுக்கு, இரும்பில்.

வாத்தியார் பெற்ற பெண்ணை நினைத்தார். தாலி கட்டிய அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு… (இல்லை. எதையும் நினைக்கவில்லை. நினைக்க நேரமில்லை. நான்தான் நினைக்க வைக்கப் பார்த்தேன்.)

"யோவ்!" என்றார் வாத்தியார். "எந்திரிய்யா! நீலம் எரியுது பாரு, அந்தச் சுவிட்சைத் தட்டு! அப்புறம் கீழ இருக்குற ஊதியை எடுத்து ஊதுய்யா! மூச்சு இருக்குல்ல?"

பேக்கரிக்காரர் எழுந்தார். சுவிட்சைத் தட்டினார். பலகையைத் தூக்கி, அடுப்பு ஊதிப் பழகிய நெஞ்சால் ஊதினார். வாத்தியார் மைக்கை வாயருகே கொண்டுவந்து, "சம்பந்தி, சம்பந்தி, சம்பந்தி. உங்க மூக்குக்கு நேரா நிக்கிறோம். காத்து இல்ல, நகர முடியல" என்றார். அப்போதுதான் கட்டை விரலை எடுத்தார்.

ரேடியோ கரகரத்தது.

"சம்பந்தி, இப்ப உங்களைத் திரையில பாக்குறோம். வலப்பக்கம் திரும்புறோம். அப்படியே இருங்க." கொஞ்சம் இடைவெளி விட்டு அதே குரல்: "பெரியவரை உக்காரச் சொல்லுங்க."

இரும்புச் சுவர் மெல்லத் திரும்பி, அவர்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல் ஆட்டிவிட்டுப் போனது.

6

இப்போது எனக்குச் சிக்கல். கப்பல் போய்விட்டது. 'யோவ்' போகவில்லை.

முதல் முடிவு: பேக்கரிக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மகள் போனில் அழுகிறாள். பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும், முப்பது வாரம் இழுக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெண்ணை நான் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் எதற்கு அழ வைக்க வேண்டும்?

இரண்டாம் முடிவு: கரை தெரிகிறது. காற்று திரும்பிப் பாய் நிமிர்கிறது. வாத்தியார், "சம்பந்தி… அந்த நேரத்துல ஏதோ வாயில வந்துடுச்சு…" என்கிறார். பேக்கரிக்காரர் கையிலிருந்த ஊதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"கடைல எல்லாரும் முதலாளின்னு கூப்பிடுறானுங்க. மருமக மாமான்னு கூப்பிடுது. நீங்க சம்பந்திங்கறீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த 'யோவ்' கேட்டு எத்தனை வருஷமாச்சு! பள்ளிக்கூடத்துப் பசங்ககூட இருந்த மாதிரி இருந்துச்சு."

(இந்த வசனத்தை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அவர் சொன்னாரா என்று கடைக்கார அம்மாவுக்குத் தெரியாது. பட்டனைத்தான் விட்டுவிட்டார்களே. ஆனால் கரை ஏறும்போது பேக்கரிக்காரர் வாத்தியாரின் தோளில் கைபோட்டிருந்தார் என்று சத்தியம் செய்கிறார். முன்பெல்லாம் கை கொடுத்துத்தான் இறக்கிவிடுவாராம்.)

7

கரையில் இரண்டு அம்மாள்களும் நின்றிருந்தார்கள். வாத்தியாரின் மனைவி கணவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, முழுசாக இருக்கிறார் என்று உறுதியானதும், கண்ணாலேயே 'வீட்டுக்கு வாங்க' என்றார். பேக்கரிக்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்தபடி ஓரடி முன்னால் வந்தார்.

"ஊரே கேட்டுச்சு ரேடியோல. யாரோ யாரையோ 'யோவ்'னாங்களே. யாரு, யாரைச் சொன்னது?"

வாத்தியார் கீழே பார்த்தார். பேக்கரிக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் கயிறு வாங்க வந்துவிட்டாராம், கடைக்கார அம்மா உள்ளே போய்விட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் 'சம்பந்தி' கிளம்பியது, பெட்டியில் நீலம் எரியவில்லை. அது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

பேக்கரிக்காரர் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். உங்கள் வீட்டிலும் சம்பந்தி உண்டு. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் நானே பேசிக்கொண்டிருந்ததில் உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

இதோ, விரலை எடுத்துவிட்டேன்.