கேட்டருகே போட்ட புல்

“என்னைக் கடைசியா கொண்டுபோறது மோட்டார் இல்லடா, என் மேனேஜர்தான். எழுதி வெச்சுக்கோ” என்று அம்மா சொன்னபோது, மாமா சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்த பல்லி பிடி விட்டுக் கீழே விழுந்தது. மேனேஜர் என்பது குதிரை. வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டே நிற்பதால் அந்தப் பெயர்.

இப்போது அந்த மோட்டார், அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு, வயல் கேட்டில் அச்சுவரை புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. மகள் கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் காலியாக வந்த சவ வண்டி எப்படியோ தாண்டிவிட்டது. திரும்பும்போதுதான் மாட்டிக்கொண்டது. அம்மா ஒன்றும் கனமில்லை. வாயைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒரு கைப்பிடிதான். சேறு அப்படி. ஒரு கல்யாணக் கூட்டமே இறங்கினாலும் தாலிச் செலவு மிச்சம் என்று விழுங்கிவிடும்.

அது தானாக வந்த சேறல்ல. அம்மா நடமாடியவரை குதிரைகளுக்குக் காய்ந்த புல் ஒரே இடத்தில் இரண்டு நாள் விழுந்ததில்லை. இன்று மேட்டில் போட்டால் நாளை அதற்கப்பால், மொட்டைச் சரிவில். தின்ற இடத்தில் லத்தி விழும், சிந்திய விதை முளைக்கும். பாறைக்கே தலைமயிர் வளர்த்தவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். மூன்று குதிரைக்கு நான்கு குவியல். ஏனென்றால் இரண்டாவது குதிரை ‘சம்பந்தி’. யாராவது முறைத்தால் போதும், பந்தியிலிருந்து எழுந்து போய்விடும். அது போய் நிற்க ஓர் இடம் வேண்டும். மூன்றாவதுக்குப் பெயரில்லை. கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடும்.

அம்மா படுத்ததும் புல் போடும் வேலை அவள் தம்பியிடம் வந்தது. மாமா லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். புல்லுக்கட்டைக் கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுத் திரும்பிவிடுவார்.

“டேய், அங்க போடாதடா! மிதிச்சு மிதிச்சுக் கூழாக்கிடும்!” ஜன்னலிலிருந்து அம்மா கத்துவாள்.

“அதுக்கு நாலு கால், எனக்கு ரெண்டு. யாரு நடக்கணும், அக்கா?”

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

காலையில், பெட்டியை இன்னும் மூடாத நேரத்தில், மாமா மகளின் காதோரம் வந்து, “நாளைக்குக் குதிரைத் தரகர் வர்றாரு பாப்பா. மூணையும் ஏத்தி விட்டுடலாம். யாரு பாக்குறது?” என்றிருந்தார்.

“நான் பாக்குறேன்.”

“உனக்கென்ன தெரியும்?”



இப்போது உறவினர் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். சக்கரம் சுழன்றது. வெளுத்து வந்த சட்டைகள் அத்தனையும் ஒரே குடும்பத்து நிறத்துக்கு வந்தன.

“ஏங்க, இன்னொரு வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க” என்றார் டிரைவர்.

“அவங்களுக்கு இனிமே என்ன அவசரம்?” என்று மகள் கொட்டகைக்குப் போனாள். கழுத்துப்பட்டையும் சங்கிலியுமாகத் திரும்பி வந்தாள். மேனேஜரைத் தேட வேண்டியிருக்கவில்லை. புல் இங்கேதானே விழும் என்று கேட்டருகிலேயே நின்றது. பட்டையைப் பூட்டி, வண்டிக்கு முன்னால் வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பாப்பா, விளையாடாத. என்ஜினே தோத்துப்போச்சு. அது மரக்கடையில தடி இழுக்குறதை விட்டு எத்தனை வருஷமாச்சு?”

“நீங்க ரிட்டயராகி எத்தனை வருஷமாச்சு மாமா? காலையிலேர்ந்து எல்லாரையும் வேலை வாங்கலையா?”

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

“சங்கிலியை எங்க மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க.”

மாமா புதுச் சட்டையோடு சேற்றில் படுத்து, வண்டியின் மூக்குக்கடியில் கையை விட்டார். கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. அதன் பிறகும் அவர் எழவில்லை. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

மாமா எழுந்து ஒதுங்கினார். வெளியே கெட்டித் தரையில் நின்ற மேனேஜர், எல்லாரும் வேலைக்கு வந்தாயிற்றா என்பதுபோல ஒரு முறை முறைத்தது. மகள் அம்மாவைப் போலவே நாக்கைச் சொடுக்கினாள். குதிரை கழுத்தைத் தாழ்த்தியது. பூமிதான் பின்னால் போயிருக்க வேண்டும். மேனேஜர் நகர்ந்ததாகவே தெரியவில்லை, கேட்தான் விலகிப் போனது. சேறு ‘சப்’பென்று வாயைத் திறந்து வண்டியை விட்டது.

டிரைவர் சங்கிலியைக் கழற்ற இறங்கினார்.

“இருக்கட்டும். என்ஜினை அணைச்சு நியூட்ரல்ல போட்டுட்டு, இறக்கத்துல மட்டும் பிரேக்கை மிதிங்க.”

“மயானம் வரைக்குமா?”

“மயானம் வரைக்கும்.”

தெருவில் லாரிகள் ஒதுங்கி நின்றன. குதிரையின் காலில் இடிக்காமல் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தபடி மாமா வழி முழுக்க நடந்தார். 

சாயங்காலம் கேட்டருகே புல் இல்லை. மாமா புல்லுக்கட்டைத் தோளில் சுமந்து மொட்டைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். மகள் பின்னால் போனாள். மூன்று குவியல் போட்டு முடித்தபோது போன் அடித்தது. தரகரின் குரல் சரிவு முழுக்கக் கேட்டது.

“என்னண்ணே, சவ வண்டியைக் கிழட்டுக் குதிரை இழுத்துச்சாம்ல? உங்கக்கா செத்தும் கதை விடுறாங்களே!”

மாமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மிச்சப் புல்லைத் தள்ளி ஓரிடத்தில் உதறினார். சம்பந்தி நடந்து வந்து அதில் வாய் வைத்தது.

“நாளைக்கு வராதீங்க” என்றார்.

“அப்ப நிஜமாவே இழுத்துச்சா?”

“இழுத்துச்சு. சங்கிலி மாட்டினதே நான்தான்.”